நேசமணியும் நெய்யாறும்

நாகர்கோவில் நீதிமன்றத்தில் ஒரு காலத்தில் வழக்கறிஞர்களுக்கென இரண்டு தண்ணீர்ப் பானைகள் இருந்தனவாம். ஒன்று மேல்சாதி வழக்கறிஞர்களுக்கு, மற்றொன்று ஏனையோருக்கு. உட்காருவதிலும் அதே பேதந்தான். ஒரு சாராருக்கு நாற்காலி, மறு சாராருக்கு முக்காலி. 1921ஆம் ஆண்டில் அங்கே தொழில் நடத்த வந்த ஓர் இளம் வக்கீல் முக்காலியைக் காலால் உதைத்துத் தள்ளினார், இரண்டு பானையை ஒரு பானை ஆக்கினார் என்று குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த வக்கீல்தான் பிற்காலத்தில் மார்ஷல் நேசமணி என்றும், குமரித் தந்தை என்றும் பெயர் பெற்றவர்.

நம் சங்க மலரில் பெரியோர் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் சென்னையிலும் மதுரையிலும் வாழ்ந்தோரையே எடுத்துக்கொள்கிறார்கள். நான் பிறந்தது அதியன்னூர். நெய்யாற்றின்கரைக்கு மேற்கே, பாலராமபுரம் நெசவாளர் தெருக்களுக்குப் பக்கத்திலுள்ள ஊர். வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் இரண்டும் கலந்த ஒரு மொழி. தேசியச் சாலையில் தெற்கே சென்றால் நெய்யாற்றைக் கடந்து பாறசாலை. அதைத் தாண்டினால் களியக்காவிளை. அங்கே மாநிலம் மாறிவிடும். அந்த எல்லை அங்கே வந்ததற்குக் காரணமானவருள் முதன்மையானவர் நேசமணி. அதனால் அவருடைய வாழ்க்கையை எங்கள் பக்கத்து மக்கள் வாசிக்கும் முறை சற்று வேறு. மேடைகளில் அவர் மண்ணை மீட்டவர். எங்களுக்கோ அவர் பெயரைக் கேட்டதும் மண்ணோடு தண்ணீரும் நினைவுக்கு வருகிறது.

நேசமணி 1895ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் பள்ளியாடியில் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். மகாராஜா மலையாள தேசத்தவர்; அரசாங்க மொழி மலையாளம்; தென்கோடித் தாலுகாக்களில் வாழ்ந்த குடிகளோ பெரும்பாலும் தமிழர். சாதிக் கொடுமைக்கும் குறைவில்லை. இன்னின்னார் இந்தக் கிணற்றில் இறைக்கலாம், இன்னின்னார் இந்தக் குளத்துப் படியில் கால் வைக்கலாகாது என்று வகுத்து வைத்திருந்த காலம். தண்ணீர் பற்றாததால் வந்த பேதமன்று அது. மழை பெய்யும் நாட்டில், ஊற்றுள்ள கிணற்றைச் சுற்றி மனிதர் கட்டிய வேலி. உலகத்தில் தண்ணீர்ச் சண்டை என்று நாம் படிப்பவற்றில் பாதிக்கு மேல் இந்த வகையைச் சேர்ந்தவையே என்பது என் கருத்து. வானம் பொய்ப்பது எல்லார்க்கும் பொது. மதகின் சாவி யார் கையில் என்பதில்தான் சண்டை.

திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து வந்த நேசமணி, குற்ற வழக்குகளில் பேர் பெற்றார். 1940களில் நாகர்கோவில் நகரசபைத் தலைவராகவும் இருந்தார். இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுகிறேன். ஏனெனில் அவருடைய உண்மையான வாழ்க்கை ஐம்பத்திரண்டாம் வயதில்தான் தொடங்கிற்று என்று சொல்லத் தோன்றுகிறது.

1945 டிசம்பரில் நாகர்கோவிலில் தமிழர்களுக்கென ஓர் இயக்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு அது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எனப் பெயர் கொண்டது. 1947இல் நேசமணி அதில் சேர்ந்தார். சேர்ந்த சில நாளிலேயே அதன் முகமாகவும் ஆனார். 1948ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்தக் கட்சி 14 இடங்களில் வென்றது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே இராச்சியமாயின. தமிழர் கோரிக்கை மேலும் உரத்து ஒலித்தது. முதல் பொதுத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதி நேசமணியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

அவர்கள் கேட்டவை ஒன்பது தாலுகாக்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். இந்தப் பட்டியலைத் தேசப்படத்தை அருகில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் நாஞ்சில் நாட்டு வயல்கள். அவற்றுக்குத் தண்ணீர் தரும் பேச்சிப்பாறை அணை இருப்பது கல்குளத்தில். 1906இல் முடிந்த அணை அது. பீர்மேட்டில் பெரியாற்று நீர்த்தேக்கம்; மதுரைச் சீமையின் வயல்கள் 1895ஆம் ஆண்டு முதல் அதை நம்பி வாழ்கின்றன. தேவிகுளத்தில் பள்ளிவாசல் மின்நிலையம். நெய்யாற்றின்கரையில் நெய்யாறு. மொழியின் பெயரால் எழுதிய பட்டியல்தான். ஆயினும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் ஆறோ அணையோ நிற்கிறது. கேட்டவர்க்கும் மறுத்தவர்க்கும் அது தெரியாமலா இருந்திருக்கும்?

1954ஆம் ஆண்டுதான் இந்தப் போராட்டத்தின் உச்சம். அவ்வாண்டுத் தேர்தலில் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களைப் பெற்றது. பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சரானார். தேவிகுளத்து மலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்மேல் கெடுபிடி மிகுந்தபோது நேசமணி அங்கே சென்றார், கைது செய்யப்பட்டார். ஆகஸ்டு 11ஆம் நாள் தெற்கே விடுதலை நாள் கொண்டாடப்பட்டது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிரிழந்தவர்கள் சாதாரணக் குடியானவர்கள், கூலி வேலைக்காரர்கள். ஆளுங்கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த லோகியாவே தம் கட்சி அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்றார் என்றால், அந்நாளின் கொடுமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். சொந்தக் கட்சி ஆட்சியை இவ்வாறு கேட்ட தலைவர் நம் நாட்டில் அபூர்வம்.

1955இல் மாநிலச் சீரமைப்புக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை சென்னை இராச்சியத்துக்கு எனப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர், நெய்யாற்றின்கரை ஆகியவற்றை மறுத்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டையிலும் ஒரு பகுதியே வந்தது. காமராசர் அப்போது சென்னை முதலமைச்சர். தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் அவர் வற்புறுத்திக் கேட்கவில்லை என்ற மனக்குறை பலருக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. நேசமணி கேட்டதில் பாதிக்குச் சற்றே மிகுதியாகப் பெற்றார். அந்தப் பாதிக்காக அவர் கொடுத்த விலையைப் பார்த்தால் அதைச் சிறிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி நெய்யாற்றுக்கு வருகிறேன்.

அகத்தியர் மலையில் தோன்றி, சுமார் 56 கிலோமீட்டர் ஓடி, பூவாற்றருகே அரபிக்கடலில் விழும் சிறிய ஆறு அது. கங்கையுடனும் காவிரியுடனும் ஒப்பிட்டால் ஓடை என்றே சொல்லலாம். ஆனால் 1888இல் அருவிப்புறத்தில் நாராயணகுரு ஆற்றுக்குள் மூழ்கி எடுத்த கல்லைச் சிவனாக நாட்டினார். ஒரு சமுதாயமே நிமிர்ந்தது. சிறிய ஆறுகளுக்கும் பெரிய கதைகள் உண்டு.

இந்த ஆற்றில் அணை கட்டும் வேலை திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் தொடங்கியது. அன்று நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் அடுத்தடுத்த தாலுகாக்கள். ஒரே அரசாங்கத்தின் கீழ் இருந்தன. ஆகவே அணைக்கு இரண்டு கால்வாய் வகுத்தார்கள். இடதுகரைக் கால்வாய் பாறசாலைப் பக்கமாகத் தெற்கே சென்று விளவங்கோட்டு வயல்களில் முடியுமாறு திட்டம். எங்கள் பக்கத்தில் யாரும் கால்வாய் என்று சொல்வதில்லை; சானல் என்போம். பொறியாளருக்கு அந்தத் திட்டத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும். அவ்வளவே.

அணை முடிந்தது 1958இல். எல்லை விழுந்ததோ 1956இல். இடையில் இரண்டே ஆண்டு. ஆனால் அந்த இரண்டு ஆண்டில் அணை கேரளத்துக்குப் போயிற்று. சானலின் வால் சென்னை இராச்சியத்துக்குப் போயிற்று. தலை ஒரு வீட்டில், வால் இன்னொரு வீட்டில். பேச்சிப்பாறைக்கு இந்த நிலை வரவில்லை. அணையும் வயலும் ஒரே பக்கம் வந்ததால் நாஞ்சில் நாட்டார் எல்லைக்கு அப்பால் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. குழுவினர் நெய்யாற்றின்கரையை மறுத்ததற்கு அங்கே தமிழர் சிறுபான்மை என்பது காரணம். அது நியாயமான காரணமே. தமிழனாகிய நானே அதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தாலுகா முழுவதும் தெற்கே போயிருந்தால், இன்று எல்லைக்கு இப்பால் தமிழர் படும் சங்கடத்தை அன்று மலையாளிகள் பட்டிருப்பார்கள். ஆனால் மொழியை எண்ணிய கணக்கில் தண்ணீரை யாரும் எண்ணவில்லை. எங்கே பிசகு என்று கேட்டால், கோடு போட்ட இடத்தில் அன்று. கோட்டைக் கடந்து செல்லும் சானலுக்கு ஒரு சீட்டு எழுதி வைக்காததில்.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, பாசனம், மின்சாரம் பற்றிப் பழைய இராச்சியங்களுக்குள் இருந்த ஏற்பாடுகள் தொடர வேண்டும் என்று சொல்கிறது. அதே 1956இல்தான் பன்மாநில ஆற்றுநீர்த் தகராறுச் சட்டமும் வந்தது. ஆனால் நெய்யாற்றில் இரண்டு இராச்சியங்களுக்குள் ஏற்பாடு என்று ஒன்று எங்கே இருந்தது? முன்பு இருந்தது ஒரே இராச்சியந்தானே. தன் வலக்கைக்கும் இடக்கைக்கும் யார் ஒப்பந்தம் எழுதுவார்கள்? பிரிந்த பிறகு எழுதியிருக்கலாம். அப்போது இரு பக்கமும் காங்கிரஸ், கம்யூனிஸ்டு என்று ஆட்சிகள் மாறின. ஆனாலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வருகிற தண்ணீருக்கு ஒப்பந்தம் எதற்கு என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

இதே கதை நம் நாட்டின் மறுகோடியில் பத்தாண்டுக்கு முன்பே நடந்திருந்தது. 1947 ஆகஸ்டில் ராட்கிளிப் பஞ்சாபை இரண்டாக வெட்டினார். ராவி ஆற்றில் மாதோபூர்த் தலைமதகும், சட்லெஜில் பெரோஸ்பூர்த் தலைமதகும் இந்தியாவின் பக்கம். அவற்றிலிருந்து புறப்படும் கால்வாய்களின் கடைமடை பாகிஸ்தானில். ஒரு தற்காலிக ஏற்பாடு 1948 மார்ச் 31 வரை இருந்தது. அது முடிந்ததும், ஏப்ரல் 1ஆம் நாள் கிழக்குப் பஞ்சாப் தண்ணீரை அடைத்தது. லாகூர்ப் பக்கத்துப் பயிர்கள் வாடின. மே 4ஆம் நாள் டில்லியில் ஓர் உடன்பாடு கண்டு மதகு திறந்தார்கள். பின்னர் உலக வங்கியின் நடுவில் பல ஆண்டு பேச்சு நடந்து, 1960 செப்டம்பர் 19ஆம் நாள் கராச்சியில் நேருவும் அயூப்கானும் சிந்து நதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கிழக்கு ஆறுகள் மூன்று இந்தியாவுக்கு, மேற்கு ஆறுகள் மூன்று பாகிஸ்தானுக்கு. 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளில் பீரங்கி முழங்கியபோதும் அந்த ஏடு கிழிபடவில்லை. 2025 ஏப்ரலில் பகல்காம் படுகொலைக்குப் பின் இந்தியா அதை நிறுத்தி வைத்தது. அறுபத்தைந்து ஆண்டு நின்றது என்பதா, கடைசியில் நின்றுபோயிற்று என்பதா? அவரவர் மனப்போக்கைப் பொறுத்தது. நான் முதலாவதைச் சொல்வேன்.

தண்ணீருக்காக உலகப்போர் மூளும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பழைய சுமேரியாவில் லகாஷ், உம்மா என்னும் இரண்டு நகரங்கள் சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன் பாசன நிலத்துக்காகப் போரிட்டன என்பதை அவர்கள் முதல் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அதற்குப் பின் தண்ணீரை மட்டுமே காரணமாகக் கொண்டு இரண்டு நாடுகள் முழுப்போர் நடத்தியதற்குச் சான்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது. சண்டைகள் ஊருக்குள், சானல்கரையில், மதகடியில் நடக்கின்றன. அரசுகளோ முனகிக்கொண்டே கையெழுத்திடுகின்றன.

நம் பக்கத்திலேயே பாருங்கள். பெரியாற்றுக்கு 1886ஆம் ஆண்டுக் குத்தகைப் பத்திரம் இருக்கிறது. 1970இல் வாடகையை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தித் திருத்தினார்கள். அணையின் உயரம் பற்றி எவ்வளவு வழக்கு நடந்தாலும் தேக்கடியிலிருந்து தண்ணீர் வருவதற்கு அந்தப் பத்திரம் ஆதாரமாக நிற்கிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்துக்கு 1970 மே 29இல் ஒப்பந்தம். 1958ஆம் ஆண்டு முதலே செல்லும் என்று எழுதி, இரு மாநிலமும் பங்கிட்டுக்கொண்டன. நெய்யாற்றுக்கு மட்டும் ஏடு இல்லை.

நேசமணி இணைப்புக்குப் பிறகு தம் கட்சியை இந்திய தேசியக் காங்கிரசோடு சேர்த்துவிட்டார். வேலை முடிந்ததும் கடையைக் கட்டிய கட்சி! நம் நாட்டில் இதுவும் அபூர்வந்தான். 1957இல் சென்னைச் சட்டமன்றத்துக்கும், 1962, 1967 தேர்தல்களில் மீண்டும் நாடாளுமன்றத்துக்கும் சென்றார். 1968 ஜூன் 1ஆம் நாள், நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே மறைந்தார். காலியான அந்தத் தொகுதியில் 1969 ஜனவரியில் நின்று வென்றவர் காமராசர். அவர் வாழ்ந்த நாள்வரை இடதுகரைச் சானலில் தண்ணீர் ஓடியது. எல்லைக்கு அப்பால் ஏலாக்களில் நெல் விளைந்தது. எல்லை தந்தவர் எல்லை தண்ணீரைத் தடுத்ததைப் பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர்கள் எங்கள் தந்தையர் தலைமுறையினர். 2004இல் கேரளம் விளவங்கோட்டுக்கு நீர் விடுவதை நிறுத்திற்று. நெய்யாறு மலையில் தோன்றிக் கடலில் விழும்வரை கேரளத்துக்குள்ளேயே ஓடுகிறது, ஆகவே அது எங்கள் ஆறு, ஒப்பந்தம் ஏதும் இல்லை என்பது கேரளத்தின் வாதம். ஒரே இராச்சியமாக இருந்தபோது விளவங்கோட்டையும் சேர்த்துத் திட்டமிட்ட அணை, ஐம்பது ஆண்டாகப் பாய்ந்த நீர், ஆகவே இது பன்மாநில ஆறு என்பது தமிழ்நாட்டின் வாதம். ஏறத்தாழ 9,200 ஏக்கர் காய்ந்தது என்று தமிழ்நாடு கணக்குக் காட்டி, 2012இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

கேரளத்தின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அணைக்கட்டில் தண்ணீர் குறைவதும் பொய்யன்று. 2017ஆம் ஆண்டுக் கோடையில் திருவனந்தபுரம் நகரம் குடிநீருக்குத் தவித்தபோது, நெய்யாற்று அணையிலிருந்து பம்ப் வைத்து இறைத்து அருவிக்கரைக்கு அனுப்பினார்கள். வயலுக்கென்று கட்டிய அணை, தலைநகரத்தின் குடத்தையும் நிரப்ப வேண்டியதாயிற்று. மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் இடங்களைக் கொண்ட மாநிலத்தில் இந்த நிலை. நம் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் தோழர்கள் இதை ஆராய்ந்து எழுதினால் நம் மலருக்குப் பெருமை.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நீர் குறைந்த ஆண்டில் குறைவாகப் பங்கிடலாம். பங்கே இல்லை என்பது எப்படி? குறைவைப் பங்கிடுவதற்கென்றே உலகத்தில் ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. வெள்ளம் வரும் ஆண்டில் பங்கு கேட்டு யார் வருவார்கள்? நீதிமன்றம் உரிமையைச் சொல்லலாம். ஜனவரியில் எத்தனை நாள், மார்ச்சில் எத்தனை நாள் மதகு திறப்பது என்பதை இரு பக்கத்து உழவரும் பொறியாளரும் உட்கார்ந்துதான் எழுத முடியும். இரண்டு பானையை ஒன்றாக்கிய நேசமணிக்கு இந்த வேலை பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவர் வழக்கறிஞர்; ஏட்டின் அருமை அறிந்தவர்.

என் அப்பாவின் தங்கையைக் கொல்லங்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அதியன்னூரிலிருந்து மாமி வீட்டுக்குப் பஸ்ஸில் போனால் எல்லையில் யாரும் நம்மை நிறுத்துவதில்லை. மீன்காரியும், மரச்சீனி வியாபாரியும், கல்யாணச் சாப்பாட்டுக்கு வாழையிலையும் தினமும் இருபுறமும் போய் வருகின்றன. மாமி வீட்டு ஏலாவில் இப்போது வாழையும் மரச்சீனியும். கொஞ்சம் மேட்டில் ரப்பர். நெல் இல்லை. சானலுக்குள் தகரையும் தொட்டாவாடியும் மண்டிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். சிமெண்டுக் கரையில் கரியால் ஸ்டம்ப் வரைந்திருக்கிறார்கள். சானலுக்குள் மட்டை பிடித்து நிற்கும் அந்தப் பையன்களில் ஒருவனாவது அதில் தண்ணீர் ஓடப் பார்த்ததில்லை.